ஆடு நக்கிய சுவர்

என் வீட்டுச் சுவரை ஆடு நக்கும். சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிப்பு வந்ததே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் தெருவில் உள்ள ஆடெல்லாம் என் வெளிச்சுவரை ஒட்டி நின்று நாக்கைப் போட்டு வழித்துக்கொண்டிருக்கும். தொடை உயரத்துக்குச் சுவர் எச்சில் பட்டு, பழுப்பேறி, வழவழவென்று கிடக்கும். பல் தேய்க்க வெளியே வருகிறவனுக்கு முதல் காட்சி அது. அதைப் பார்த்த பிறகு வேப்பங்குச்சியை வாயில் வைக்கவே மனசு வராது.

திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்புகள் இருந்த பக்கம், எண்பதுகளின் தொடக்கத்தில் நான் என் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு அது. எவனும் எனக்கு ஒரு செங்கல் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கையெழுத்துப் போடப் பழகியதே தொழில் வைத்த பிறகுதான். இதை வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. காலேஜ் படித்தவர்கள் என்னிடம் கை கட்டிச் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள்.

ஊரில் மழை பொய்த்து, கிணறு வற்றி, நிலம் வெடித்துக் கிடந்தபோது நான் டவுனுக்கு வந்து தோல் ஷாப்பில் சேர்ந்தேன். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை ஒரு வளைந்த கட்டையின் மேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் மயிரைச் சுரண்டித் தள்ளுவது என் வேலை. அந்த நாற்றம் சோற்றில் வரும். பாயில் வரும். பெண்டாட்டி தலையில் வைத்த பூவிலும் அதுதான் வரும். ஆனால் என்னைப் போலத் தோல் கிழியாமல் சுரண்ட அந்த ஷாப்பில் ஆள் கிடையாது. அங்கே சேர்த்ததை வைத்துப் பழைய சாக்கு வியாபாரம் தொடங்கினேன். கிழிந்த சாக்கை வாங்கி, உதறி, தைத்து, கட்டுக்கட்டாக ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அனுப்புவேன். அங்கேயிருந்து கேரளாவுக்குக் கிளம்புகிற காய்கறி லாரியில் என் சாக்கு இல்லாத லாரி கிடையாது என்று சொல்லும் அளவுக்கு வந்தேன்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். நான் வாங்குவதற்கு முன்னால் அது வீடே இல்லை. பச்சைத்தோல் அடுக்கி வைக்கிற கிடங்கு. அறுத்த தோல் அழுகாமல் இருக்க உப்பை அள்ளிப் பூசி, ஆள் மார்பு உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். அதிலிருந்து ஒழுகுகிற தண்ணீரைச் சுவர் வருசக்கணக்கில் குடித்திருக்கிறது. அதனால்தான் யாரும் வாங்க வரவில்லை, எனக்குச் சல்லிசாகக் கிடைத்தது. உள்பக்கம் பூராவும் பழைய காரையைப் பேர்த்துவிட்டுச் சிமெண்டு பூசி, சிவப்புத் தரை போட்டு, மின்விசிறி மாட்டினேன். வெளிச்சுவரை அப்படியே விட்டேன். தெருவில் போகிறவன் பார்க்கிற சுவருக்கு நான் ஏன் அழ வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு கை சுண்ணாம்பு அடிப்பதோடு சரி. மாசி முடிவதற்குள் அது பொரிந்து, செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளேயிருந்து வெள்ளையாக உப்பு பூத்து நிற்கும். பிறகு ஆட்டுக்குக் கொண்டாட்டம்.

மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோதுதான் அந்தச் சுவர் என் கழுத்தில் ஏறியது. பத்தாவது வரை படித்தவள், வாய் கொஞ்சம் கூடுதல், வேலையில் குறை சொல்ல முடியாது. முதலில் பார்க்க வந்த இரண்டு இடமும் வாசலுக்கு வந்து, சுவரைப் பார்த்து, மூக்கைத் துடைப்பது போலப் பொத்திக்கொண்டு, பேருக்கு உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பதிலே வரவில்லை. மூன்றாவதாக ஓர் இடம் வந்தது. எங்கள் சனத்திலேயே தூரத்து உறவு. நெய்க்காரப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பும் கரும்புமாக இருக்கிற குடும்பம். தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"இதுவும் தட்டிப் போச்சுன்னா அந்த வீட்டுப் பொண்ணான்னு பேராயிரும்ங்க," என்றாள் என் மனைவி. "மொதல்ல அந்தச் செவுத்த ஒரு வழி பண்ணுங்க."

கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரலால் சுரண்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, இது பெயிண்ட் ஏத்துற செவுரு இல்ல. காரையப் பூராம் கொத்தித் தள்ளுங்க. செங்கல்லு தெரியணும். ஒரு மழ, ஒரு வெயிலு அதுமேல படட்டும். அப்பறம் பூசுங்க."

"தைக்கு ஆள் வாராங்கப்பா."

"அப்பச் சும்மா விட்டுருங்க."

"சும்மா விட்டா?"

"ஆட்டுக்கு லாபம்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டுத் தோலையே ஊற வைத்து வெளுக்க வைத்தவன் நான். எனக்குப் போய் ஒரு சுவரைப் பற்றிப் பாடம் நடத்துகிறான். போய்ட்டு வா என்று அனுப்பிவிட்டு நானே இறங்கினேன்.

வெளிச்சுவரைச் சுத்தம் பண்ணுவது என்றால் ஏதோ தூசி தட்டுகிற காரியம் என்று நினைப்பவர்கள் என்னோடு அந்தச் சந்தில் ஒரு நாள் நின்றிருக்க வேண்டும். முதலில் போஸ்டர். சினிமா போஸ்டர் மேல் கட்சிக் கூட்டத்துப் போஸ்டர், அதன் மேல் செத்தவர் படம் போட்ட போஸ்டர், அதன் மேல் மறுபடி சினிமா. மைதாப் பசை காய்ந்து அப்பளம் மாதிரி இறுகியிருந்தது. உரித்தால் உள்ளே கரப்பான் குஞ்சும் பல்லி முட்டையும் பொலபொலவென்று கொட்டும். அதற்குக் கீழே வெற்றிலை எச்சில். எத்தனை பேர் துப்பியதோ, அடுக்கடுக்காகச் செங்காவி நிறத்தில் தோல் கட்டியிருந்தது. சந்து முனையில் இருட்டு விழுந்தால் ஆம்பிளைகள் ஒதுங்குகிற மூலை வேறு. அந்த இடத்தை மட்டும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சுரண்டினேன். ஊரே ஒரு மனுசன் வீட்டின் மேல் வாயையும் மற்றதையும் திறந்துவிட்டிருக்கிறது. கேட்டால், தெருச் சுவர்தானே என்பார்கள்.

இதெல்லாம் போன பிறகு, ஒட்டிக்கொண்டிருந்த பழைய சுண்ணாம்பும் உப்பும்தான் மிச்சம். அங்கேதான் நான் என் தொழில் மூளையைக் காட்டினேன். தோலை விட்டு மயிர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடுவோம். ஊறினால் தானே கழன்று வரும். சுவருக்கும் அதே வைத்தியம்தான் என்று முடிவு பண்ணினேன். என் கடையில் சாக்குக்கா பஞ்சம்? நல்ல சாக்காக எடுத்து, சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி, ஓட்டுக்குக் கீழே கயிறு கட்டி, சுவர் நெடுக ஒட்டித் தொங்கவிட்டேன். காய விடாமல் வாளி வாளியாகக் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். தோல் ஷாப்புக் கழிவு இறங்கி அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. சுவர் என்ன குடிக்கவா போகிறது என்று ஊற்றினேன்.

எதிர்வீட்டில் ஆடு வளர்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவள் ஆடுகள்தான் என் சுவருக்கு முதல் வாடிக்கை. அவள் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"என்னண்ணே, வீட்டுக்குக் கோமணம் கட்டி விட்டுருக்கீக."

"உன் ஆடு நக்கி அம்மணமாக்கிருச்சுல்ல. அதான் கட்டிருக்கேன்."

"ஆடு என்ன தானாவா வருது. உங்க செவுருதான வா வாங்குது."

மகள் வாளியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே, "அப்பா, நீங்க செவுத்துக்கு வெள்ளையடிக்கப் போறீங்களா, இல்ல செருப்புத் தைக்கப் போறீங்களா?" என்றாள். பேசாமல் தண்ணியை ஊத்து என்றேன்.

ஈரம் ஏற ஏற நாற்றம் கிளம்பியது பாருங்கள். காய்ந்து கிடந்தபோது ஒரு மாதிரிப் புழுங்கல் வாடைதான் இருந்தது. தண்ணீர் பட்டதும் அந்தக் கிடங்கே எழுந்து வந்து முன்னால் நின்றது. அழுகல், கவிச்சி, பழைய கொழுப்பு வாடை. நான் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த அத்தனையும் என் வீட்டு வாசலிலேயே இருந்திருக்கிறது. என் மனைவி இரண்டு வேளை சாப்பிடவில்லை. தெருக்காரர்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது ஓடினார்கள்.

சாக்கை உரித்தபோது சுவர் வெள்ளை வெளேரென்று, பஞ்சு ஒட்டியது போல மொசுமொசுவென்று இருந்தது. சுண்ணாம்பு நன்றாகப் பிடித்துவிட்டது என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அது சுண்ணாம்பு இல்லை. ஈரச் சாக்கு சுவரின் அடிவயிற்றிலிருந்து உறிஞ்சி வெளியே இழுத்துக்கொண்டு வந்த உப்பு. எனக்கு அது தெரியவில்லை. மேலாகக் கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, இளநீல சிமெண்டு பெயிண்டைக் கலக்கி இரண்டு கோட்டு அடித்தேன். பெயிண்ட் இறுகிப் பிடிக்கட்டும் என்று சாயங்காலம் சாயங்காலம் அதே கிணற்றுத் தண்ணீரைத் தெளித்தேன். ஒரு வாரம் அந்தத் தெருவிலேயே என் வீடுதான் வீடு. சைக்கிளில் போகிறவன் காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போனான். கொத்தனார் போகிற வழியில் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். பேச வாய் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சுவர் அம்மை போட்டது போலக் கொப்புளித்தது. தொட்டால் நீலத் தோல் உரிந்து கையோடு வந்தது, அடியில் வெள்ளைப் பொடி. ஓடிப்போய் மிச்சப் பெயிண்டைக் கலக்கி மேலே மேலே அப்பினேன். எதிர்வீட்டுக்காரியிடம், நாளைக்கு ஒரு பொழுது ஆட்டைக் கட்டிப் போடு தாயி என்று கேட்டேன்.

"கட்டிப் போட்டா எரை யாரு போடுவா?"

அகத்திக்கீரை ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "பொண்ணு பாக்க வாராகளா, செவுரு பாக்க வாராகளாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். சொன்னபடி ஆட்டைக் கட்டிவிட்டாள், அதைக் குறை சொல்லக்கூடாது.

ஆனால் மாட்டை யார் கட்டுவது? மறுநாள் அவர்கள் வாடகை வண்டியில் வந்து இறங்கும்போது, எவன் வீட்டு மாடோ, பெரிய பசுமாடு ஒன்று என் சுவரோடு ஒட்டி நின்று நக்கிக்கொண்டிருந்தது. ஆடு நக்கினால் சத்தம் வராது. மாட்டு நாக்கு அரம் மாதிரி. கரக் கரக் என்று சத்தம். நாக்கெல்லாம் நீலம். கடைவாயில் நீல எச்சில் நூலாகத் தொங்குகிறது. அது நக்கிய இடத்தில் ஒரு பாய் அகலத்துக்குப் பெயிண்ட் போய் அடிச்சுவர் தெரிகிறது. வெற்றிலைத் தட்டோடு வந்தவர்கள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல உயரம், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அவர் மாட்டை முதுகில் தட்டி நகர்த்தினார். அது நக்கிய இடத்தை நகத்தால் சுரண்டினார். எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்துவிட்டு ஓரமாகத் துப்பினார்.

"ஏனுங்க, இங்க முன்னால என்னங்க இருந்துச்சு?"

என் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லி மழுப்பு என்பது அந்தப் பார்வை. நான் மழுப்புகிற ஆள் இல்லை.

"பச்சத்தோல் கெடங்குங்க. நானும் தோல் ஷாப்புல வேல பாத்தவன்தான். அதுல வந்ததுதான் இம்புட்டும்," என்றேன்.

"அப்பிடிங்களா," என்றார் அவர். உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை கட்டி காப்பித் தட்டோடு வந்தாள். ஒவ்வொருவரும் டம்ளரை எடுத்தார்கள், ஸ்டூலில் வைத்தார்கள். ஒருவர் வாயிலும் படவில்லை. காப்பியில் ஆடை கட்டியது. என் சுவரை நாக்கில் வைத்துப் பார்க்கத் தெரிந்த மனுசனுக்கு என் வீட்டுக் காப்பி இறங்கவில்லை.

"ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்பறமுங்க," என்று எழுந்தார்கள்.

அவர்கள் போன மறுநாளே நான் உளியும் சுத்தியலும் எடுத்தேன். கொத்தனாரைக் கூப்பிடவில்லை. காரையை அடியோடு பேர்த்துத் தள்ளினேன். உள்ளே காரையோடு காரையாக மாட்டு மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. ஈரம் கோத்த இடமெல்லாம் களிமண் மாதிரி பிசுபிசுத்து நாறியது. சுரண்டிச் சுரண்டிச் செங்கல் தெரிந்தபோது என் தலை, புருவம், மூக்குத் துளை எல்லாம் அந்த உப்புப் பொடி. உதடு வெடித்துவிட்டது. இடித்துத் தள்ளியது சந்து ஓரமாக ஒரு குன்று போலக் கிடந்தது. மாடும் ஆடும் இப்போது அதன் மேல் ஏறி நின்று நக்கின.

பதில் வரவில்லை. என் மனைவி ஒவ்வொரு நாளும் பஸ் வருகிற நேரத்துக்கு வாசலை எட்டிப் பார்ப்பாள். மகள் அந்தச் சுங்குடிச் சேலையைப் பெட்டியில் மடித்து வைக்காமல் கொடியிலேயே போட்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் தெருவில் டிராக்டர் சத்தம். டிரெய்லரோடு வந்து என் வாசலில் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா இறங்கினார். கூட இரண்டு ஆள். என் மனைவி பார்த்துவிட்டு உள்ளே ஓடி, "வந்துட்டாகடி, வந்துட்டாக, மூஞ்சியக் கழுவு," என்றாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாங்க வாங்க, உள்ள வாங்க என்றேன்.

"இருக்கட்டுமுங்க," என்று தெருவிலேயே நின்றார். இடித்துக் கிடந்த குவியலைச் சுற்றிவந்தார். குனிந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தார்.

"இது சும்மாதானுங்க கெடக்குது?"

"எது?"

"இந்தக் காரைங்க. தென்னைக்கு உப்பு வெக்கறமுங்க. வெச்சாத்தான் குரும்பை உதிராம நிக்கும். இதுல சுண்ணாம்பும் சேந்திருக்குது பாருங்க. அன்னிக்கு நாக்குல வெச்சப்பவே நெனச்சனுங்க. நீங்க எப்பிடியும் இடிப்பீங்கன்னு தெரியும். வீணாப் போகுதேன்னுதான் வந்தமுங்க."

அவர் கையில் இருந்த கட்டியைப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"பொண்ணு விசயம்?"

"அது வந்துங்க," என்று துண்டை எடுத்து உதறிப் போட்டார். "வீட்ல பொம்பளைங்க ஒத்துக்கலைங்க. தோலு வெச்ச எடம்ங்கறாங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. அது வேற, இது வேறங்க."

எத்தனையோ நாற்றத்தில் நின்றவன் நான். அந்த வார்த்தையில் வந்த நாற்றம் எதிலும் வரவில்லை. தோல் கிடந்த வீட்டுப் பெண் ஆகாது. தோலில் வடிந்த உப்பு ஆகும். அது அவர் தோப்பில் இறங்கி, இளநீராக ஏறி, அதை அந்த அம்மாள் முந்தானையை எடுத்துவிட்டுக் குடிப்பாள். கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பேன். டிராக்டரைத் திருப்பு என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

மகள் படியில் வந்து நின்றிருந்தாள். முகம் கழுவிய ஈரம் காயவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அள்ளிட்டுப் போகட்டும்ப்பா," என்றாள். "நம்ம வாசலு சுத்தமாகும்ல."

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒரு மண்வெட்டி கொடுக்கவில்லை, ஒரு கூடை கொடுக்கவில்லை. அவர்கள் கொண்டுவந்த சட்டியில் அள்ளிக் கொட்டினார்கள். வியர்வையில் அந்தப் பொடி ஒட்டி மூன்று பேரும் சுண்ணாம்புக் குழியில் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி ஆனார்கள். மாட்டு மயிர் அவர் வேட்டியில் ஒட்டியிருந்தது. கடைசியில் அடியில் சிதறிக் கிடந்ததைக்கூட விடாமல், அவரே குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் கூட்டி அள்ளினார். வீணாக்கக் கூடாதாம்.

"வாரமுங்க," என்றார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. டிராக்டர் போன பிறகு மகள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தை விளக்குமாறு போட்டுக் கழுவினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது என்று உள்ளே என் மனைவி அழுதாள். அவள் பாலுக்கு அழவில்லை.

கழுவி முடித்துவிட்டு மகள் சொன்னாள்: "இனிமே யாரு வந்தாலும் இது தோல் கெடங்குன்னு மொதல்லயே சொல்லிருங்கப்பா. நான் சேலை கட்டி முடிச்ச பெறகு சொல்லாதீங்க."

அந்த வாரமே தரகரை வரச் சொன்னேன். வந்தவர் செங்கல் தெரிகிற சுவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். வீடு என்ன வீடு, நான் என்ன வேலை பார்த்தவன், சுவரில் என்ன இருந்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"அண்ணே, இதெல்லாமா மாப்ள வீட்டுல போய்ச் சொல்லுவாக," என்றார்.

"சொல்லிட்டுக் கூட்டிட்டு வா," என்றேன்.